வெள்ளைக்கருப் பூச்சு

இல்லை, உருகவில்லை. நாற்பது நிமிடம் வைத்துப் பார்த்தேன். பின்கட்டு நிழல்தான்; ஆனாலும் சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. ஐஸ்கிரீம் கேக்கில் வெண்ணெய் பூசிய பாதி பன்னிரண்டாம் நிமிடம் சரியத் தொடங்கியது. வெள்ளைக்கரு பூசிய பாதி நின்றது. அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். கரண்டியால் குத்தினேன். உள்ளே கெட்டியாக இருந்தது.

நீ சொன்னதுதான் சரி.

இதைச் சொல்ல எனக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. கேட்க வேண்டியவள் இல்லாமல் போய் இரண்டரை வருஷம். கேள்வி மட்டும் போகவில்லை. "உருகிருமா டீச்சர்?" என்று நீ கேட்டாய். உன் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் வெண்கலக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு. நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் தவறு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பழகிய இரண்டு வருஷமும் நாம் மரியாதையாகவே பேசிக்கொண்டோம். செட்டியார் வீட்டுப் பெண்களை ஊரே அழைப்பது போல நானும் உன்னை ஆச்சி என்றேன். "ஒங்கள விட ஒரு வயசு சின்னவ நான். என்னையப் போயி ஆச்சிங்கிறீக," என்பாய். இந்தக் காகிதத்தில் நீ என்றே எழுதுகிறேன். வேண்டாம் என்று சொல்ல நீ இல்லை. அந்த வசதி ஒன்று.

நேற்று மூன்றாம் பாரத்துப் பெண்களுக்கு வெப்பம் பற்றிய பாடம். ஸ்டேஷனுக்கு வரும் ஐஸ் ஏன் மரத்தூளில் புதைந்து வருகிறது என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரிந்த பதில். எப்போதோ பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பதில். மரத்தூள், பஞ்சு, கம்பளி, இவற்றின் இடுக்குகளில் காற்று அடைபட்டிருக்கிறது, அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது, ஆகவே, என்றேன். அந்த ஆகவேயில் நின்றுவிட்டேன்.

பெண்கள் காத்திருந்தார்கள். கரும்பலகையில் காற்று என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

இன்று சனிக்கிழமை. ஸ்டேஷன் ரோட்டில் இப்போது ஒரு ஐஸ் கம்பெனி வந்துவிட்டது. மதுரையிலிருந்து ரயிலில் வந்து, வரும் வழியிலேயே பாதியாகிப் போன ஐஸுக்காக நாம் காத்திருந்த காலம் முடிந்தது. போய்ப் பத்து ராத்தல் கேட்டேன்.

"வீட்டுல விசேஷமா டீச்சரம்மா?" என்றார் ஐஸ் அறுப்பவர்.

"இல்லை."

"ஒடம்புக்கு யாருக்கும் முடியலையா? தலைக்கு வைக்கவா?"

"இல்லை. சும்மா பார்க்கத்தான்."

அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஐசப் பாக்கவா? பாத்துக்கிட்டே இருந்தா அது போயிருமே."

சாக்கை வீட்டில் கொண்டுவந்து அவிழ்த்தேன். ஈர மரத்தூள் வாசனை வந்தது. பச்சையும் புளிப்புமாக ஒரு வாசனை. அன்று உன் கொல்லைப்புறத்தில் வந்த அதே வாசனை. கையால் மரத்தூளைத் தட்டினேன். அன்றும் என் கையாலேயே தட்டினேன். ஐஸைக் காத்துக்கொண்டு வந்தது எது என்று விரல் நிறைய ஒட்டியிருந்தது. அதைக் கழுவிவிட்டு வந்துதான் உனக்கு அந்தப் பதிலைச் சொன்னேன்.

உன் வீட்டுக்கு நான் முதலில் வந்தது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. செவ்வாய், வெள்ளி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு. உன் கணவர் ரங்கூனிலிருந்து எழுதியிருந்தாராம், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்று. நீ நாலு வார்த்தையோடு நிறுத்தவில்லை. கப்பல் பெயர்களைப் படித்தாய். பிஸ்கட் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்தாய். எனக்கு வரும் பத்திரிகைகளில் விளம்பரம் விடாமல் படித்தாய்.

ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. அதற்குள்ளேயே உன்னைத் தனிக்குடித்தனம் வைத்திருந்தார்கள். கல்யாணமான மகனுக்கு உங்களில் செய்வது போல, உனக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு, வருஷத்துக்கு அளந்து கொடுத்த அரிசி. கணவர் கடலுக்கு அப்பால். ஓர் ஆளுக்கு உலை வைப்பாய். பக்கத்து அடுப்பில் உன் மாமியார், அவருக்கும் மாமனாருக்குமாக இரண்டு ஆளுக்கு. வாசனைகள் கலந்தன. சட்டிகள் கலக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, இறந்தகால வினைச்சொற்களுக்கு நடுவில், நீ சொன்னாய். "கல்யாணமாயி ஏழு வருசம் டீச்சர். அவுக ஊர்ல இருந்தது பதினோரு மாசம்." குரலில் குறையில்லை. ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பது போலச் சொன்னாய். பிறகு அதை இங்கிலீஷிலும் சொன்னாய். பிழையில்லாமல்.

மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே, மறுபடி மூன்று வருஷம் அங்கே. நான்கு வருஷம் முன்பு உன் கணவர் வந்தபோது உன்னையும் அழைத்துப் போவதாகச் சொன்னார். உன் மாமனாரிடமே சொன்னார். முப்பது வருஷம் அங்கே கடையைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். அவர் வார்த்தைதான் அந்த வீட்டில் கடைசி வார்த்தை. அன்று செவ்வாய்க்கிழமை. நான் உன் அறை வாசலில் இருந்தேன். நீ கதவுக்குப் பின்னால். வளவில், வீட்டின் நடு முற்றத்தில், ஊஞ்சல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"கூட்டிட்டுப் போயி?" என்றார் உன் மாமனார். "அங்க பாங்கிக்காரன், கப்பக்காரன்னு வெள்ளைக்காரவுக வீட்டுக்கு வருவாக. அவுகளுக்கு இவ என்னத்த வச்சுக் குடுப்பா? கருப்பட்டிக் கும்மாயமா?"

"கும்மாயத்துக்கு என்ன கொறச்சல்?" இது உன் மாமியார். "முப்பது வருசம் அங்குட்டு இருந்தீகளே, ஒங்களுக்கு யாரு கும்மாயம் கிண்டிக் குடுத்தா?"

ஊஞ்சல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஆடியது.

"ஒரு தொரை வீட்டுல ஐஸ்கிரீம் கேக்குன்னு ஒண்ணு குடுத்தாக," என்றார் அவர், பேச்சை மாற்றுவது போல. "வெளிய பூச்சு, உள்ள பனி. வெட்டுனா மூணு அடுக்கு. அத மாதிரி ஒண்ணு இவ செஞ்சு காட்டட்டும். நானே டிக்கட் எடுத்துத் தாரேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். உன் கணவர் சிரித்தார். மாமியார்கூடச் சிரித்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நீ சிரிக்கவில்லை.

மறு வெள்ளிக்கிழமை பாடப் புத்தகம் திறக்கவில்லை. "ஒங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? சென்னையில் படித்தபோது விடுதித் தலைவி ஒரு கிறிஸ்துமஸில் செய்து வைத்ததை ஒரு துண்டு தின்றிருந்தேன். அவரிடமிருந்து வாங்கிய ஒரு சமையல் புத்தகம் இருந்தது. இந்தியாவுக்கு வரும் இங்கிலீஷ்காரிகளுக்காக எழுதியது. பாதி அதில் வேலைக்காரர்களை எப்படி நடத்துவது என்று. தெரியும் என்றேன்.

வேறு எதற்காகவும் உன்னிடம் தெரியாது என்று சொன்னதாக நினைவில்லை. தெரிந்தவளாக இருப்பதற்குத்தான் அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம்.

உங்கள் சாமான் அறையில் ஐஸ்கிரீம் சுற்றும் மரவாளி ஒன்று இருந்தது. உன் மாமனார் எப்போதோ ரங்கூனிலிருந்து அனுப்பியது. நடுவில் தகரக் குழாய், மேலே சுற்றுகிற கைப்பிடி. கட்டி வந்த வைக்கோல்கூடப் பிரிக்கவில்லை. வாளிக்கும் குழாய்க்கும் நடுவே ஐஸும் கல்லுப்பும். குழாய்க்குள் சுண்டிய பாலும் சீனியும் ஏலக்காயும். முதல் நாள் இருவரும் மாறி மாறிச் சுற்றினோம். முக்கால் மணி நேரம். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. திறந்தபோது உள்ளே பால் பாலாகவே இருந்தது. நான் உப்புப் போட மறந்திருந்தேன்.

"பாடத்துல வரலையோ?" என்றாய்.

இரண்டாவது முறை இறுகியது. கேக் மாவைப் பிஸ்கட் டப்பாவில் ஊற்றி, கீழும் மேலும் தணல் வைத்துச் சுட்டாய். அதற்கு என் புத்தகம் உதவவில்லை, உன் கைதான். ஓர் அடுக்குக் கேக், ஓர் அடுக்குப் பனி, மேலே ஓர் அடுக்குக் கேக். மறுபடி ஐஸில் புதைத்து வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் மேல்பூச்சு. அங்கே வந்து நின்றோம்.

மூன்று கிண்ணம். ஒன்றில் வெண்ணெயும் பொடித்த சீனியும். ஒன்றில் பால் ஏடு. ஒன்றில் முட்டையின் வெள்ளைக்கரு, சீனிப்பாகு விட்டு அடித்தது. தென்னை ஈர்க்குகளைக் கட்டாகக் கட்டி, கிண்ணத்தைச் சாய்த்து நீ அடித்தாய். நுரை ஏறிக்கொண்டே போனது. கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாய். விழவில்லை.

ஏடு அரை மணியில் புளித்தது. அது போயிற்று. மிச்சம் இரண்டு.

"இதுதான்," என்று வெள்ளைக்கருவைத் தொட்டாய். "உருகிருமா டீச்சர்?"

வெண்ணெய்தான் நல்லது என்றேன். புத்தகத்தில் கேக்குக்கு வெண்ணெய் என்று இருந்தது. விடுதித் தலைவியும் வெண்ணெய்தான் பூசியிருந்தார். மார்கழி மாதத்தில்.

நீ எழுந்தாய். என் கையைப் பிடித்தாய். அதற்கு முன் பிடித்ததில்லை. நடையைத் தாண்டி வளவுக்கு அழைத்துப் போய் என்னைச் சுவரோடு நிறுத்தினாய். "சாஞ்சு பாருங்க," என்றாய்.

சாய்ந்தேன். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுவர் முதுகில் தண்ணீர் போல இருந்தது. முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்த வெள்ளைச் சுவர்.

"இதுல என்ன பூசிருக்காகன்னு தெரியுமா? சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு. வீடு கட்டும்போது வண்டி வண்டியா முட்டை வந்துச்சாம். வெள்ளை செவத்துக்குப் போச்சு, மஞ்சக்கருவ என்ன செய்ய? ஊருக்கே குடுத்தாகளாம். ஒரு மாசம் எந்த வீட்டுக்குப் போனாலும் முட்டைக் கொழம்புதானாம். மாமியா சொல்லுவாக." நீயும் என் பக்கத்தில் சாய்ந்துகொண்டாய். "சித்திரையில இந்தச் செவரு எப்படிக் கெடக்கு பாருங்க. வெள்ளைக்கரு வெக்கைய உள்ள விடாது. கேக்குக்குப் பூசினாலும் விடாது."

நான் சிரித்தேன்.

பலமாக இல்லை. ஆனால் அடக்கவும் இல்லை. கேக்கும் சுவரும் ஒன்றா என்றேன். சுவர் குளிர்ந்திருப்பது அதன் கனத்தால் என்றேன். பிறகு, இன்றுவரை எனக்கு மனப்பாடமாக இருக்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "அந்த நுரையில் என்ன இருக்கிறது? வெறும் காற்று. காற்று எதைப் பிடித்து வைக்கும்?"

பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள்.

"ஏன் சிரிக்கிறீக?" என்று கேட்டாய். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். நான் வெப்பக் கடத்தல் பற்றி ஏதோ சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாய். "படிச்சவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும்," என்றாய். வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாய்.

அந்தச் சுவரைப் பற்றி நீ சொன்ன காரணம் சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. கனத்தால்தான் குளிர்ந்திருக்கிறது போல. கேக்கைப் பற்றி நீ சொன்னது சரி. உள்ளே வெறும் காற்று இருந்ததால்தான் சரி.

மறுநாள் மத்தியானம், மூன்று மணிக்கு என்று ஏற்பாடு. மாமனார் தூங்கி எழுந்து முகம் கழுவி வந்து உட்காரும் நேரம். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐஸிலிருந்து எடுத்தோம். நான் பூசினேன். கத்தியை வெந்நீரில் நனைத்து, புத்தகத்தில் சொன்னபடி. அழகாக வந்தது. லேசான மஞ்சள், வழுவழுப்பாக. எனாமல் தட்டில் வைத்து நீயே எடுத்துப் போய் வளவில் மேசைமேல் வைத்தாய். உன் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரும் பதற்றமாகத்தான் இருந்தார்.

முகப்பில் தேவகோட்டையிலிருந்து வந்த ஓர் உறவினர் உட்கார்ந்திருந்தார். யாருடைய கல்யாணத்தில் யார் யாரை முறையாக அழைக்கவில்லை என்று மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முதல் பந்தியைத் தாண்டவில்லை. நீ மூன்று முறை எட்டிப் பார்த்தாய். மூன்றாவது முறை வந்து என் பக்கத்தில் நின்றாய். இருவரும் கேக்கைப் பார்த்தோம்.

முதலில் பளபளத்தது. நான் அதை நல்லதென்று நினைத்தேன். பிறகு ஒரு பக்கம் மெல்ல விரிந்தது. பூச்சு கீழே இறங்கியது, தோளிலிருந்து துணி நழுவுவது போல, அவசரமில்லாமல். உள்ளே இருந்த வெள்ளைப் பனி தெரிந்தது. அதுவும் இறங்கியது. மேல் அடுக்குக் கேக் ஒருபுறமாகச் சாய்ந்து தட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. மீண்டும் ஐஸில் வைக்கலாம் என்று நீ கையை நீட்டியபோது மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். கரண்டியை எடுத்து, திரும்ப வைத்தார்.

"இதென்ன, கேக்கா கஞ்சியா?" என்றார். கடுமையாக இல்லை. கடுமையாக இருந்திருந்தால் தேவலை.

"ரங்கூனுக்குப் போயித் தொரைமாருக்குக் கஞ்சி ஊத்தப் போறா," என்றார் உன் மாமியார்.

"அப்பச்சி, வெயிலு..." என்று உன் கணவர் தன் அப்பாவிடம் ஆரம்பித்தார். அத்துடன் நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் முடித்திருக்கலாம். அவர் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. முடிக்க வேண்டிய வாக்கியம் என்னிடமும் ஒன்று இருந்தது.

ஏனென்றால் உன் மாமியார் அடுத்துக் கேட்டார். "சித்திர வெயில்ல யாராச்சும் வெண்ணெயப் பூசுவாகளா? யாரு பூசச் சொன்னது?"

நான் தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் அந்தப் புத்தகம். விரல் அதே பக்கத்தில்.

"நாந்தேன்," என்றாய்.

என்னைப் பார்க்காமல் சொன்னாய். பார்த்திருந்தால் நான் பேசியிருப்பேன் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அது எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை.

"சரி, விடு," என்றார் மாமனார். "அடுத்தாப்புல அவன் வரையில பாப்பம்." எழுந்து போனார். அடுத்தாப்புல என்றால் மூன்று வருஷம். அந்த வீட்டில் அது ஒரு பெரிய காலமில்லை.

அடுப்படியில் வந்து, உருகியதை எல்லாம் வழித்து இரண்டு டம்ளரில் ஊற்றினாய். ஒன்றை என்னிடம் நீட்டினாய். "குடிங்க டீச்சர். ருசி நல்லாத்தேன் இருக்கு." குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக்கருக் கிண்ணம் மூலையில் இருந்தது, முந்தின நாள் அடித்தது, நுரை அடங்கித் தண்ணீராகி. அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தாய். "அடுத்த தடவ செவத்துப் பூச்சு," என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வைகாசியில் உன் கணவர் போனார். தனியாக.

இதுவரை எழுதியது எல்லாம் சுலபம். தவறு செய்தேன், பேசாமல் நின்றேன், இவற்றை ஒருவிதமாகச் சொல்லிவிட முடிகிறது. சொல்லாத ஒன்று இருக்கிறது.

அன்று உன் வீட்டிலிருந்து நடந்து வந்தபோது எனக்கு வருத்தமாக இல்லை.

இருக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தெருவில் மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சுவர்களின் நிழல் நீண்டிருந்தது. என் கால் லேசாக இருந்தது. செவ்வாய் இருக்கிறது, வெள்ளி இருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் மூன்று வருஷம் செவ்வாய்களும் வெள்ளிகளும். இந்த ஊரில் எனக்குப் பேச வேறு யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்தவள், தெருவில் கல்யாணமாகாதவள், என் வீட்டாருக்குச் சிவகங்கையில் நெல் அறுப்பும் தம்பிமார் படிப்பும். உன்னிடம் மட்டும் நான் ஓர் ஆள்.

தெரிந்தே வெண்ணெய் என்று சொன்னேனா? இல்லை. இதை உன்னிடம் சத்தியம் செய்யலாம். ஆனால் நன்றாகத் தெரிந்த ஒரு பதில் அன்று மட்டும் ஏன் எனக்கு எட்டவில்லை? கையில் மரத்தூள் ஒட்டியிருந்தபோது? நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பௌதிகத்தில் இதற்குப் பாடம் இல்லை. களைப்பாக இருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் ஒன்றரை வருஷம் கிடைத்தன. மறு வருஷம் ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல். பதினோரு நாள். உன் மாமியார் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் கைச்சோறு ஒரே ஒரு தடவை உன் அடுப்படிக்கு வந்தது. அதை நீ தின்னவில்லை. ஒன்பதாம் நாள் என்று நினைவு, நீ என்னிடம் ஏதோ சொல்ல வந்து, "ஐஸு கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டாய். நெற்றிக்கு. ரயிலில் வரச் சொல்லியிருந்தது. வந்து சேர்ந்தபோது பாதி.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் மாமியார் எனக்கு ஆள் அனுப்பினார். அந்த மரவாளியை எடுத்து வைத்திருந்தார். "நீங்க கொண்டு போங்க டீச்சரு. இங்குட்டு யாரு இதச் சுத்தப் போறா?" என்றார். வாசல்வரை வந்தார். அங்கே நின்றுகொண்டு கேட்டார்: "அவன்கூட அனுப்பியிருந்தா பொழச்சிருப்பாளோ?"

அங்கேயும் காய்ச்சல் உண்டு ஆச்சி, என்றேன்.

அதுவும் ஒரு பதில்.

உன் கணவர் போன வருஷம் வந்தார். மறுபடி கல்யாணமாயிற்று. அந்தப் பெண்ணை ரங்கூனுக்கு அழைத்துப் போயிருக்கிறார். மாமனார் தடை சொல்லவில்லையாம். கேக்கு எதுவும் கேட்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று நினைவில்லை. கேட்டுக்கொண்டு, கையிலிருந்த நோட்டுகளைத் திருத்தினேன்.

நான் அப்படியேதான் இருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வருகிறேன். கொஞ்ச நாள் கால் உன் தெருப்பக்கம் திரும்பிற்று. இப்போது இல்லை. உன்னிடமிருந்து என்னோடு வந்தது வாளி மட்டுமில்லை. "ஏன் சிரிக்கிறீக?" என்று நீ கேட்டதும் வந்தது. வகுப்பில் யாராவது ஏறுமாறாக ஒன்றைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது. அதற்குள் உன் குரல் முந்திக்கொள்கிறது. பெண்கள் என்னை உம்மென்று இருக்கும் டீச்சர் என்கிறார்கள்.

இன்று தனியாகத்தான் சுற்றினேன். ஐம்பது நிமிடம். உப்பு மறக்கவில்லை. ஈர்க்குக் கட்டு என்னிடம் இல்லை. தெருவில் கேட்டு வாங்கினேன். உன்னைப் போல அடிக்க வரவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தபோது கொஞ்சம் விழுந்தது. மிச்சத்தைப் பாதிக்குப் பூசினேன், மறுபாதிக்கு வெண்ணெய். நிழலில் வைத்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெண்ணெய் சரிந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னொன்று நின்றபோதுதான். இருபது நிமிடம். முப்பது. நின்றுகொண்டே இருந்தது. அந்தத் தேவகோட்டைக்காரர் இன்னும் இரண்டு கல்யாணக் கதை சொல்லியிருக்கலாம்.

நீ கப்பலில் ஏறியிருப்பாய். இந்நேரம் எங்கிருந்தோ எனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதியிருப்பாய். நான் ஊரில் தனியாக இருந்திருப்பேன். இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன்.

இதை எழுதி நிறுத்தியபோது நாலே முக்கால். நின்ற பாதியை அப்போதே திரும்ப ஐஸில் புதைத்திருந்தேன்; அதைக் கிண்ணத்தில் எடுத்து, கிண்ணத்தை மரத்தூளில் வைத்து, சாக்கைச் சுற்றிக் கட்டினேன். உன் தெருவுக்கு நடந்தேன். உன் மாமியார் கதவைத் திறந்தார். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அன்று வெண்ணெய் பூசச் சொன்னது நான்தான் என்று சொன்னேன்.